பேசாவிட்டால் நிற்கும் வண்டி

ரயில்வே விதிப்புத்தகத்தை நான் வாசிக்க வாசிக்க அத்தான் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் ஆட்டம் நின்றது.

“அதைத் திரும்பப் படி மச்சான்.”

படித்தேன். என்ஜின் பின்னாலிருந்து வேகன்களைத் தள்ளும்போது, எதிரே என்ன இருக்கிறதென்று டிரைவருக்குத் தெரியாது. தள்ளப்படும் வரிசையின் மறுமுனையில் சரக்கு ரயிலின் கண்டக்டர் இருந்துகொண்டு, இன்னும் எத்தனை பெட்டி தூரம் பாக்கி என்று வாக்கி-டாக்கியில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். பத்து என்று சொன்னால், அதில் பாதியைக் கடப்பதற்குள் அடுத்த எண் டிரைவரின் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் அவர் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

“அதாவது, நான் பேசாம இருந்தா வண்டி நின்னுடும்.”

“ஆமா அத்தான்.”

“எல்லாம் சரியா இருந்தாலும்?”

“சரியா இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

புத்தகத்தை வாங்கி, அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் என்பதால் என்னிடம் ஒரு நம்பிக்கை. “அச்சுப் பிழையா இருக்குமோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். “இது அநியாயம்” என்று சொல்லிவிட்டுப் புதுப் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

அவருக்கு அது அநியாயமாகப் பட்டதற்குக் காரணம் உண்டு. பதினோரு வருடம் தனியார் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர் அவர். அங்கே கணக்கு நேர் எதிர். கண்டக்டர் சத்தம் காட்டாத வரை வண்டி போய்க்கொண்டிருக்கும். நிற்க வேண்டுமென்றால் ஒரு விசில். கிளம்ப வேண்டுமென்றால் வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டு. இதற்கு மேல் பேசுகிற கண்டக்டரை எந்த டிரைவருக்கும் பிடிக்காது. அத்தான் இயல்பிலேயே வாயைத் திறக்காதவர். டிக்கெட் காசைக்கூட இரண்டு விரலைத் தேய்த்துத்தான் கேட்பார். அதனால் டிரைவர்கள் அவரைத் தங்கள் வண்டிக்குக் கேட்டு வாங்கினார்கள். பயணிகள் அவருக்கு ‘விசில்’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் வண்டியிலிருந்து இறங்கி எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது.

பேருந்து முதலாளி டிரைவர் பக்கத்திலேயே டிக்கெட் இயந்திரத்தை வைத்ததும் கண்டக்டர்களுக்கு வேலை போயிற்று. அத்தான் அதற்கு முன்பே ரயில்வே கண்டக்டர் தேர்வு எழுதியிருந்தார். சொல்லாமல்தான் எழுதினார், சொல்லாமல்தான் தேறினார். வேலைக்கு எடுத்துக்கொண்ட கடிதம் வந்த பிறகுதான் அக்காவுக்கே தெரியும். வயது வரம்பின் கடைசி வாசலில் நுழைந்திருந்தார். வேறோர் ஊரில் பயிற்சிப் பள்ளி. முதல் வாரக் கடைசியில், நிஜ யார்டில், நிஜ வேகன்களைத் தள்ளவைத்து ஒரு சோதனை. அதில் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மற்றவர்கள் அடுத்த முறை வரலாம். அத்தானுக்கு அடுத்த முறை கிடையாது, வயது தாண்டியிருக்கும். திரும்பி ஏற பேருந்தும் இல்லை. முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது என்பார்களே, அந்த நிலை.

ஆகவே கிளம்புவதற்கு முன்பே வீட்டில் பயிற்சி தொடங்கியது.

முதலில் பூட்ஸ். கணுக்கால் வரை வரும் கனத்த பூட்ஸ். புதிதாகவே போட்டுக்கொண்டு போனால் கால் புண்ணாகிவிடும் என்று வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்தார். துடைத்த தரையில் பூட்ஸோடு நடக்கிறவரை அக்கா எத்தனை நாள் பொறுப்பாள்? “யானை கட்டற இடத்துக்குப் போங்க” என்று விரட்டினாள். பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறார்கள். அங்கே கொட்டியிருந்த ஜல்லிமேல் ஏறி நடந்தார். தண்டவாளத்தின் ஓரமும் அப்படித்தான் இருக்கும், காலுக்கடியில் கல் உருளும், அதில் கீழே பார்க்காமல் நடக்கப் பழக வேண்டும். கொத்தனார் இரண்டு நாள் பார்த்துவிட்டு, “என்னண்ணே, ஏதாவது வேண்டுதலா?” என்று கேட்டாராம்.

பிறகு கைப்பிடி. ஓடுகிற பேருந்திலிருந்து குதித்து இறங்கி, ஓடுகிற பேருந்தில் தொற்றி ஏறியவர் அவர். ரயிலில் அது கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு கால் ஒரு கை, அல்லது இரண்டு கை ஒரு கால், எப்போதும் மூன்று பிடி இருக்க வேண்டும். எங்கள் மாடிப்படியில் படியைப் பார்த்தபடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக இறங்கிப் பழகினார். கீழே தையல் கடை வைத்திருக்கும் டெய்லர் ஊசியை வாயில் கடித்தபடி வேடிக்கை பார்ப்பார்.

“விசில், எங்க வீட்டுப் பாப்பாவும் இப்படித்தான் இறங்குவா. அவளுக்கு ஒண்ணரை வயசு.”

அத்தான் பதில் சொல்ல மாட்டார். சிரிப்பார்.

இதெல்லாம் உடம்புக்கு வந்துவிட்டது. பேச்சுதான் வரவில்லை. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வர, அவர் சுவரோரம் நின்று எண் சொல்லிப் பார்த்தார். “பத்து” என்பார். “ஏழு” என்பார். நாற்காலி நேராக வருகிறது, வழியில் ஒன்றுமில்லை என்று கண்டதும் வாய் தானாக மூடிக்கொள்ளும். நான் நின்றுவிடுவேன். அவர் “ஏன் நின்னுட்ட?” என்று கேட்பார். நான் புத்தகத்தைக் காட்டுவேன்.

ஒருநாள் என் கட்டிலில் கிடந்த புதுக்கவிதைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

“இதுல ஏன் மச்சான் வரி பாதியிலேயே நின்னுடுது?”

“அது அப்படித்தான் அத்தான்.”

“கண்டக்டர் பேசலை போல” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை அதே இடத்தில் வைத்தார். அவர் தன் தொல்லையைத் தானே கிண்டல் செய்தது அதுதான் முதல் முறை.

வழியைச் சொன்னவள் அக்கா. அவள் ரொட்டித் தொழிற்சாலையின் வேன் ஓட்டுகிறாள். விடிவதற்குள் சரக்கு ஏற்ற வேண்டியிருப்பதால் வேன் இரவில் எங்கள் வீட்டருகே நிற்கும். தெருவிலிருந்து ஒரு குறுகிய சந்துக்குள் பின்பக்கமாகவே விட வேண்டும். ஒருபுறம் டெய்லர் கடை, மறுபுறம் குடிநீர்க் குழாய், கடைசியில் சுவர்.

“நாற்காலியை வெச்சு எதுக்கு விளையாடறீங்க?” என்றாள். “தினம் சாயங்காலம் நான் ரிவர்ஸ் எடுக்கறேன். நீங்க பின்னால நின்னு சொல்லுங்க. நான் கண்ணாடியைப் பார்க்க மாட்டேன்.”

“பார்க்காம இருக்க உன்னால முடியாது” என்றார் அத்தான்.

அக்கா உள்ளே போய் இரண்டு தலையணை உறைகளை எடுத்துவந்தாள். வேனின் பக்கவாட்டுக் கண்ணாடிகள் இரண்டுக்கும் மாட்டி முடிச்சுப் போட்டாள். பூப்போட்ட உறைகள். காது குத்தவந்த குழந்தைபோல் வேன் பரிதாபமாக நின்றது.

அளவுக்கு ஒரு பெட்டி வேண்டும். ரயிலில் பெட்டி என்றால் ஒரு வேகனின் நீளம். வேனுக்கு ரொட்டிப் பெட்டி என்று முடிவாயிற்று. நாள் முழுக்கத் தூக்கி இறக்குவதால் அதன் நீளம் அக்காவின் கைக்குத் தெரியும். அத்தான் அதைத் தெரிந்துகொள்ள, ஒரு காலிப் பெட்டியைச் சந்தில் புரட்டிப் புரட்டிப் போட்டு அளந்து பார்த்தார்.

முதல் நாள் அவர் வாயில் வந்தது வேறு.

“வா வா வா வா… வா… இன்னும் கொஞ்சம்… வா வா…”

வேன் நின்றது. அக்காவின் தலை வெளியே வந்தது.

“வா வான்னா எத்தனை பெட்டி?”

“கொஞ்சம்தான்.”

“கொஞ்சம்னா எத்தனை பெட்டி?”

“ஏம்மா, எல்லாரும் இப்படித்தானே சொல்றாங்க.”

“எல்லாரும் மாட்டைக் கூப்பிடறாங்க. நீங்க ரயிலுக்குச் சொல்லப் போறீங்க.”

தெருவில் பின்னால் இரண்டு வண்டிகள் ஒலியெழுப்பின. அக்கா அசையவில்லை. அவளுக்குப் பிடிவாதம் பிறவிச்சொத்து. “எட்டு” என்று அத்தான் சொன்ன பிறகுதான் வேன் நகர்ந்தது. அன்று நாலைந்து முறை நின்று நின்றுதான் சந்துக்குள் போனது. டெய்லர் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். “இனிமே சாயங்காலம் டிவி வேணாம்” என்றார்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அந்தக் காரியம் நடந்தது.

அன்று அத்தான் நன்றாகவே சொல்லிக்கொண்டு வந்தார். பத்து, எட்டு, ஆறு, நாலு. வேன் கோடு கிழித்ததுபோல் நேராக வந்தது. அந்த அழகில் அவர் வாய் மூடிக்கொண்டது. அக்கா விதிப்படி வேனை நிறுத்தினாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நின்ற வண்டியைக் கண்டதும் அவர் கை பழைய வேலைக்குப் போய்விட்டது. பின்கதவின் தகரத்தில் இரண்டு முறை தட்டினார்.

அக்கா கல்யாணத்துக்கு முன் தினமும் அவருடைய பேருந்தில்தான் வேலைக்குப் போய்வந்தாள். அந்த இரண்டு தட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அவள் காலுக்குத் தெரியும். அழுத்திவிட்டாள்.

அத்தான் குழாய்ப் பக்கம் துள்ளி விலகினார். வேன் கோணலாகப் போய் டெய்லரின் பெயர்ப்பலகையில் மோதி, அதைச் சுவரோடு வைத்து நசுக்கியது. கோட்டுப் போட்ட ஓர் ஆணும் கவுன் போட்ட ஒரு பெண்ணும் வரைந்த மரப்பலகை. ஆணின் கழுத்தில் சரியாக முறிந்திருந்தது. வேனின் பம்பர் உள்ளே குழிந்திருந்தது.

“தட்டினீங்களே!” என்று கத்திக்கொண்டே அக்கா இறங்கினாள்.

“நான் எங்க தட்டினேன்?” என்றார் அத்தான். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல.

டெய்லர் பலகையின் இரு துண்டுகளையும் எடுத்து ஒட்டிவைத்துப் பார்த்தார். “கோட்டுக்கு ஒண்ணும் ஆகலை. ஆள்தான் போயிட்டான்” என்றார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

மாடிக்கு வந்ததும் அத்தான் பூட்ஸைக் கழற்றி அலமாரிக்கடியில் தள்ளினார்.

“இது எனக்குச் சரிப்படாது. அங்க போய் ஒருத்தனை நசுக்கறதுக்கு இங்கயே இருந்துடலாம்.”

“இங்க இருந்து என்ன செய்யப் போறீங்க?” என்றாள் அக்கா.

“பழைய முதலாளியைப் பார்க்கறேன். டிப்போவுல வண்டி கழுவற வேலையாவது…”

“பத்து நிமிஷத்துக்கு முன்னால பம்பரை நசுக்கினது நான். நான் வேலையை விடறேன்னு சொன்னேனா?”

அக்கா சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தாள். மூவரும் சாப்பிட்டோம். தட்டைப் பார்த்தபடியே அவர் சொன்னார்:

“எல்லாம் சரியாப் போகும்போது என்னத்தப் பேசறது? ஏதாவது தப்புன்னாதானே வாயைத் திறக்கணும். எனக்கு அப்படித்தான் பழக்கம்.”

“தெரியுமே” என்றாள் அக்கா. “வீட்லயும் அதே கதைதானே. சாப்பாடு நல்லா இருக்குன்னு நீங்க என்னிக்குச் சொல்லியிருக்கீங்க? உப்பு கூடினா சொல்வீங்க. இல்லைன்னா தட்டு காலியாச்சான்னு எட்டிப் பார்த்து நானா தெரிஞ்சுக்கணும். வேலைக்கு எடுத்த சேதியையே கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். இத்தனை வருஷமா நான் கண்ணாடியை மூடிட்டுத்தான் ஓட்டறேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. ரசீது வாசிப்பதுபோல் சொன்னாள். அத்தான் கையைக் கழுவாமல் காயவிட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் தேநீர்க் குவளையை வாங்கியவர், ஒரு வாய் குடித்துவிட்டு, “நல்லா இருக்கு” என்றார். அக்கா திரும்பிப் பார்த்தாள். இன்னொரு வாய் குடித்துவிட்டு, “இன்னும் நல்லா இருக்கு” என்றார். பாதியில், “பாதி இருக்கு. நல்லாத்தான் இருக்கு.” குவளை காலியாகும் வரை விடவில்லை.

“டேய், உங்க அத்தானுக்கு என்னடா ஆச்சு?” என்று என்னிடம் கேட்டாள். ஆனால் முகத்தைச் சமையலறைப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் கேட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரே அறிவிப்புதான். குளிக்கப் போகிறேன் என்பார். குளித்துவிட்டேன் என்பார். படியில் இறங்கும்போது இன்னும் எத்தனை படி என்று சொல்லிக்கொண்டே இறங்குவார். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள், எங்கள் வீட்டில் ஊமை பேசக் கற்றுக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்தது. பூட்ஸ் அலமாரிக்கடியிலிருந்து வெளியே வந்தது. பம்பரைப் பற்றித் தொழிற்சாலையில் கேட்டதற்கு, நான்தான் இடித்தேன் என்று அக்கா சொல்லி, இரண்டு நாள் பேச்சு வாங்கினாள். அதையும் அவரிடம் சொன்னாள். அவர் அதற்கும் வாய் திறந்து ஏதோ சொன்னார். என் காதில் விழவில்லை.

சாயங்காலங்களில் வேன் விடுவது தொடர்ந்தது. அத்தான் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார், வலது கையில் வாக்கி-டாக்கிக்குப் பதில் ஒரு சோப்புப் பெட்டி. இரண்டு கைக்கும் வேலை கொடுத்துவிட்டால் தட்டாது. டெய்லர் பலகையைப் பசைபோட்டு ஒட்டி மாட்டியிருந்தார். கோட்டுக்காரரின் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதன்பின் கோட்டு தைக்க வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று அவர் சொன்னதை நாங்கள் நம்பவில்லை.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் காற்று அதிகம். பக்கத்துத் தெரு மணல் எல்லாம் எங்கள் சந்தில். பத்து, எட்டு, ஆறு என்று வந்துகொண்டிருந்தது. ஆறுக்குப் பிறகு அத்தானுக்குத் தொண்டையில் தூசு போய்விட்டது. இருமல். சோப்புப் பெட்டியை வாயருகே பிடித்தபடி குனிந்து இருமுகிறார், எண் வரவில்லை. கை பைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. காட்டவும் முடியவில்லை.

வேன் நின்றது.

அக்கா எட்டிப் பார்க்கவில்லை, என்ன என்று கேட்கவும் இல்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பூப்போட்ட உறைகள் காற்றில் ஆட, வேன் அவருக்காகக் காத்திருந்தது. அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். எதிரே நிற்கிற வேனையும் தன் காலுக்கும் அதற்கும் நடுவில் கிடந்த வெறுந்தரையையும் பார்த்தார்.

“நான் ஒண்ணுமே செய்யலை மச்சான்” என்றார் என்னிடம் மெதுவாக. “அவளா நின்னுட்டா.”

“அதுக்குத்தான் அந்த விதி அத்தான்.”

“ம்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “இதைப் போய் அநியாயம்னு சொன்னேன்ல.”

கடைவாசலிலிருந்து டெய்லர், “விசில் போய் இருமல் வந்துச்சா?” என்றார். அத்தான், “ஆமாம் டெய்லர், இதுவும் வேலை செய்யுது” என்று பதில் சொன்னார். டெய்லருக்குப் பதில் கிடைத்தது அன்றுதான். ஊசி வாயிலிருந்து விழுந்துவிட்டது. அத்தான் திரும்பி, “நாலு” என்று தொடங்கினார்.

அவர் போன பிறகு வீடு பழையபடி அமைதியானது. தேநீரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா தலையணை உறைகளைக் கழற்றித் துவைத்துத் தலையணைகளுக்கே போட்டுவிட்டாள். ஆனாலும் சாயங்காலம் சந்து முனைக்கு வந்ததும் ஒலியெழுப்பி என்னைக் கூப்பிடுவாள். கண்ணாடி இருக்கிறதே என்றேன். “கண்ணாடி பேசாது. பழகிடுச்சு, வாடா” என்றாள்.

எனக்குத் தெருவில் நின்று சத்தம் போட வராது. நான் சொல்கிற எண் எனக்கே கேட்காது. எட்டுக்கு ஒரு முறை, ஐந்துக்கு ஒரு முறை வேன் நின்றுவிடும். “சத்தமாச் சொல்லுடா! ரகசியமா சொல்றே?” என்று உள்ளேயிருந்து வரும்.

முதல் வாரத்தின் கடைசி நாள். காலையிலிருந்து அக்கா போனைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். வேன் ஓட்டும்போது தொட மாட்டாள் என்பதால் சாயங்காலம் அதை என்னிடம் தந்துவிட்டு ரிவர்ஸ் எடுத்தாள். வேனின் முன்பாதி இன்னும் தெருவை அடைத்துக்கொண்டிருந்தது. “அஞ்சு” என்று சொல்லியிருந்தேன். போன் அடித்தது. எடுத்தேன்.

“மச்சானா?” பிறகு ஒன்றுமில்லை. மூச்சு விடும் சத்தம். பின்னால் எங்கோ இரும்பு இரும்போடு மோதியது.

“அத்தான். பேசுங்க.”

“பாஸ்” என்றார்.

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

“முப்பது பெட்டியிலிருந்து சொன்னேன். ஒரு இடத்துலயும் வண்டி நிக்கலை. கடைசியில நின்னதுக்கப்புறமும் நான் பேசிட்டே இருந்தேனாம். பயிற்சி கொடுக்கற சார் வந்து வாக்கி-டாக்கியைக் கையிலிருந்து பிடுங்கினார். பேசறவன் பொழச்சுக்குவான், போன்னார். அது என்ன அங்க ஒரே ஹார்ன் சத்தம்?”

திரும்பிப் பார்த்தேன். தெருவில் நாலைந்து வண்டிகள் சேர்ந்துவிட்டன. டெய்லர் வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

“வேன் குறுக்கே நிக்குது அத்தான்.”

“ஏன்?”

“நான் பேசலை.”

“அட மடையா! முதல்ல அவளுக்குச் சொல்லு.”

“பாஸ்னு சொல்லவா?”

“தூரத்தைடா!”

போனை அணைக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். குழாய்க்கும் பலகைக்கும் நடுவில் போய் நின்றேன்.

“மூணு!” என்றேன். வேன் அசைந்தது. “ரெண்டு! ஒண்ணு! அரை! நில்லு!”

நின்றது. அக்கா கதவைத் திறந்து இறங்கி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் போனை நீட்டினேன்.